பஞ்சாரம் திறக்கும் நேரம்

பஞ்சாரத்தைத் தூக்கியதும் கோழிகள் சிறகை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடும். சின்னப்பிள்ளைகள் எங்கள் கண்ணும் அவற்றின் பின்னாலேயே ஓடும். அப்பத்தா மட்டும் பஞ்சாரத்தை இடுப்பில் சாய்த்துப் பிடித்தபடி, ராத்திரி முழுக்கக் கோழிகள் படுத்திருந்த தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

“என்னத்த அப்பத்தா அப்படிப் பாக்குற?”

“பீயத்தான் பாக்குறேன். கோழிக்கு வாயா இருக்கு, வயிறு வலிக்குதுன்னு சொல்ல? அது பீயி சொல்லும்.”

கறுப்பும் பழுப்புமாகக் கட்டியாக விழுந்து, மேலே கொஞ்சம் வெள்ளை படிந்திருந்தால் சரி. சில சமயம் பாகுபோல ஒட்டிக்கொண்டு நாற்றமடிக்கும் எச்சம் கிடக்கும். அதைப் பார்த்து நான் பயந்தபோது, அதுவும் நல்ல கோழி போடுவதுதான் என்று சொன்னாள். வெள்ளையும் பச்சையும் கலந்து தண்ணீராக ஓடியிருந்தால்தான் அவள் முகம் மாறும். உடனே தலையை நிமிர்த்தி வாசலைப் பார்ப்பாள். எல்லாம் ஓடிய பிறகு எது நிற்கிறது, எதற்கு வால் பக்கம் இறகு நனைந்து ஒட்டியிருக்கிறது, எது இரையைக் கண்டும் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு தூங்குகிறது என்று தேடுவாள். அதைப் பிடித்து மார்போடு அணைத்து இரைப்பையைத் தடவுவாள். அடையும்போது நிறைந்திருந்த இரைப்பை விடியும்போது வற்றியிருக்க வேண்டும். கல்போல இறுகிக் கிடந்தால் அன்றைக்கு அந்தக் கோழிக்குத் தீனி கிடையாது. விளக்கெண்ணெய் தொட்டு மெல்ல உருவிவிட்டு, வெறும் தண்ணீர் மட்டும் காட்டுவாள்.

மானாமதுரைக்குப் பக்கத்தில், வைகைக் கரையிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் ஊர். நான் சொல்வது 1980களின் நடுப்பகுதி. வீட்டில் எப்போதும் இருபது, இருபத்தைந்து உருப்படி இருக்கும். ஆட்டுக்காசு ஆம்பளைக்கு, கோழிக்காசு பொம்பளைக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பள்ளிக்கூட நோட்டுகள், அத்தை பிரசவத்துக்கு வாங்கிய சாமான்கள், அப்பத்தாவின் சீட்டுப் பணம் எல்லாம் முட்டையிலிருந்தும் குஞ்சிலிருந்தும் வந்தவைதான். ஆகவே கோழிக்குச் சீக்கு என்பது அவளுக்குக் குடும்பத்தில் ஒருவர் படுத்ததுபோல.

மருந்தென்று தனியாக எதையும் அவள் வாங்கி வைத்ததில்லை. பாதி அஞ்சறைப்பெட்டியில் இருந்தது, மீதி வேலியோரத்தில் முளைத்தது. சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம். வேலிப்பக்கம் கீழாநெல்லி, நொச்சி, துளசி, வேம்பு. கழிச்சல் கண்டால் ஒரு கைப்பிடி கீழாநெல்லியோடு முதலில் சொன்ன ஐந்தையும் அம்மியில் வைத்து அரைப்பாள். மிளகும் சீரகமும் முதலில் தூளாக வேண்டும், கீரை கடைசியில்தான். அரைத்ததைச் சுண்டைக்காய் அளவு உருட்டித் தவிட்டில் புரட்டி, அலகைத் திறந்து நாக்குக்குப் பின்னால் வைத்து, கோழி தானாக விழுங்கும்வரை காத்திருப்பாள்.

கரைத்து ஊற்றவே கூடாது என்பதில் அவள் கண்டிப்பு. “ஊத்துனா மூச்சுக்கொழல்ல போயிரும். சீக்குல சாகாதது ஒன் மருந்துல செத்துப்போகும்.” அந்தப் பேச்சின் அருமை பிறகுதான் புரிந்தது. கோழியின் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழலின் துவாரம் தெரியும். தலையை அண்ணாத்திப் பிடித்துச் சங்கில் எண்ணெயோ கஷாயமோ புகட்டினால் அதற்குள்தான் இறங்கும். இன்றைக்கும் கோழிக்கு மருந்து ஊற்றிக் கொன்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அன்பில்தான் ஊற்றினார்கள்.

அடை வைப்பது தனிச் சடங்கு. வாய் அகன்ற பானையின் அடிப்பாகத்தில் மணல் பரப்பி, மேலே வைக்கோலும் நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு, பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பாள். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும் என்று ஒரு இரும்புத்துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் பக்கத்தில் போடுவாள். இரும்பு இடியைத் தடுக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் நொச்சியும் வேம்பும் சும்மா போட்டவை அல்ல. இருபத்தொரு நாள் நகராமல் உட்கார்ந்திருக்கும் அடைக்கோழிதான் செல் என்கிற கோழிப்பேனுக்கு வாகான இடம். செல் ஏறினால் கோழி பொறுக்கமாட்டாமல் எழுந்துவிடும், முட்டை ஆறிப்போகும். குஞ்சு பொரித்தாலும் அந்தச் செல் அதே ராத்திரி குஞ்சின் தலையில் ஏறிவிடும்.

ஏழாம் நாள் ராத்திரி அறையை இருட்டாக்கி டார்ச் விளக்கின் வாயில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்ப்போம். உள்ளே சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்பு ஓடினால் அது குஞ்சு. வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுவோம். முதன்முதலில் அந்த நரம்பைப் பார்த்த ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

செல்லுக்கு அப்பத்தாவின் வைத்தியம் சாம்பல் குழி. தொழுவத்துக்குப் பின்னால், வெயில் படுகிற இடத்தில், ஒரு முழ அகலத்துக்குக் குழி தோண்டி, அடுப்புச் சாம்பலும் மணலும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து போட்டிருப்பாள். செல் அதிகமாகும் காலத்தில் கொஞ்சம் வசம்பும் இடித்துச் சேர்ப்பாள். உச்சிப்பொழுதில் கோழிகள் தாமே வந்து அதில் புரளும். கண்ணை மூடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிறகைக் கோதிச் சாம்பலை உடம்பெல்லாம் இறைத்துக்கொள்ளும். கோழிக்கு நாம் செய்யும் வைத்தியங்களில் இதுவே எல்லாவற்றிலும் சிறந்தது என்பேன். குழி வெட்டிக் கொடுப்பதோடு நம் வேலை முடிந்தது.

இதை அறியாமல் நான் செய்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பத்தா களையெடுக்கப் போயிருந்தாள். பொரித்துப் பத்து நாளான குஞ்சுகளின் தலையில் செல் ஊர்வதைப் பார்த்தேன். மண்ணெண்ணெய் தடவினால் போய்விடும் என்று தெருவில் யாரோ பேசிக்கொண்டது காதில் இருந்தது. சிம்னி விளக்கிலிருந்து எண்ணெயைத் துணியில் நனைத்து ஐந்து குஞ்சுகளின் தலையிலும் கழுத்திலும் தடவினேன். பொழுது சாய்வதற்குள் மூன்று செத்துவிட்டன. வந்து பார்த்த அப்பத்தா என்னை அடிக்கவில்லை. மிச்சம் இரண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, பழைய சேலைத் துணியால் ஒற்றி, அடுப்படிச் சூட்டில் வைத்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினாள்.

“கொல்லுற மருந்துக்குச் செல்லு வேற குஞ்சு வேறன்னு தெரியாதுத்தா.”

அந்த இரண்டு குஞ்சுகளும் பிழைத்தன. சீத்தாப்பழ விதையை இடித்துத் தடவுகிறவர்களும் ஊரில் உண்டு. செல் சாகும்தான், ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் மனிதர் பார்வைக்கே ஆபத்து. புகையிலைத் தண்ணீரும் அப்படித்தான், விஷம். மூலிகை, இயற்கை என்ற பெயர் இருப்பதாலேயே எதுவும் சாதுவாகிவிடாது என்பதை அன்று மூன்று குஞ்சுகளைப் புதைத்துக் கற்றேன்.

தப்பிய குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துக் கொடுக்கும் வேலை என்னுடையதானது. விரிசல் விட்ட மானாமதுரைப் பானை ஒன்றுக்குள் காய்ந்த சாணி, கிழிந்த கோணி, மட்டை, ஓலை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் புற்றுக்குப் பக்கத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பேன். விடிந்ததும் தூக்கினால் உள்ளே வெள்ளையாக மொய்த்திருக்கும். பானையை வாசலில் கொண்டுவந்து தட்டியதும் குஞ்சுகள் பாய்ந்து வரும் வேகத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். குருணையும் கம்பும் மட்டும் தின்கிற குஞ்சைவிடக் கரையான் தின்ற குஞ்சு மளமளவென்று வளரும்.

ஐப்பசி மழை விட்டதும் கொசு வரும், கொசுவோடு கோழிக்கு அம்மை வரும். கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் மிளகு மிளகாகக் கொப்புளம் எழும்பி, கறுத்துப் பொருக்குக் கட்டும். தெருவில் சிலர் ஆத்தா வந்திருக்கிறாள் என்று மருந்தே வைக்காமல் வேப்பிலையைச் செருகிவிட்டு விட்டுவிடுவார்கள். அப்பத்தா வேப்பிலையைச் செருகவும் செய்வாள், அரைக்கவும் செய்வாள். வேப்பிலையும் துளசியும் மஞ்சளும் பூண்டும் மையாக அரைத்து, வேப்பெண்ணெயில் குழைத்து, நுனிவிரலால் பொருக்கின் மேல் பூசுவாள். பொருக்கைப் பிய்க்க விடமாட்டாள். கண் மூடிப்போன கோழியை மடியில் வைத்துக்கொண்டு கம்பங்கூழை உருட்டி ஊட்டுவாள், வெந்நீரில் நனைத்த துணியால் இமையை ஒற்றி ஒற்றித் திறப்பாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. இப்படி ஒரு வெடக்கோழியைப் பன்னிரண்டு நாள் பார்த்துக் காப்பாற்றினாள்.

பின்னாளில் எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். தோலில் வரும் அம்மை இரண்டு மூன்று வாரத்தில் தானே ஆறிவிடும், பூச்சு புண்ணை ஈயிடமிருந்தும் அழுகலிலிருந்தும் காக்கும், கோழி சாவது பெரும்பாலும் கண் தெரியாமல் பட்டினி கிடந்துதான் என்றார். தொண்டைக்குள் அம்மை வந்தால் மட்டும் பிழைப்பது கடினமாம். அந்த வெடக்கோழி மருந்தால் பிழைத்ததா, ஊட்டியதால் பிழைத்ததா என்று கேட்டால், ஊட்டியதால்தான் என்பது என் தீர்ப்பு. மருந்து அரைத்தவளே மடியில் வைத்து ஊட்டியதால் அப்போது எங்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது.

1986 சித்திரை மறக்க முடியாதது. மானாமதுரையில் வீர அழகர் வைகையில் இறங்குகிற திருவிழாவுக்கு வீடு நிறைய விருந்தாள். சந்தையிலிருந்து இரண்டு கோழி வாங்கி வந்தார்கள். ஒன்று குழம்புக்குப் போனது. மற்றது முட்டைக்கோழிபோல இருக்கிறதே என்று எங்கள் கோழிகளோடு விட்டார்கள். ஆறாம் நாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிய அப்பத்தா குனிந்தவள் நிமிரவில்லை. தரையெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக ஓடிக் கிடந்தது.

அம்மி அன்று ஓயவே இல்லை. நான் கீழாநெல்லி பறித்துப் பறித்துக் கொடுத்தேன். அவள் உருண்டையை வைப்பாள், கோழி விழுங்கும், ஒரு மணி நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். இரண்டாம் நாள் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப்பக்கம் திரும்பியது. சில கால் இழுத்துப் படுத்துவிட்டன. அலகிலிருந்து கோழை வழிந்தது. இருபத்து மூன்றில் பதினாறு போயின. ஐந்து நாள்.

நடுவில் ஒரு வியாபாரி வந்தார். அரை விலைக்குக் கேட்டார். இன்னும் நடமாடிக்கொண்டிருந்த நாலு கோழியைக் கட்டிக் கொடுத்துவிட்டாள் அப்பத்தா. ஊரே செய்தது அதைத்தான். அந்தக் கோழிகள் எந்தச் சந்தைக்குப் போயினவோ, எத்தனை வீட்டு வாசல் அதனால் காலியானதோ தெரியாது. பல வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு மத்தியானத்தில், வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: “அந்த நாலு கோழிய நான் வித்திருக்கக் கூடாது.”

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் இந்த நோய் நச்சுயிரியால் வருவது. 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் இனம் கண்டதால் உலகத்தார் அதை அந்த ஊர்ப் பெயரால் அழைக்கிறார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கேட் நோய். வந்த பிறகு இதைக் குணப்படுத்தும் மருந்து ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. அதே குமாவோனில் உள்ள முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் பிறந்த தடுப்பூசிதான் கோழிக்காரர்கள் கண்ணீர் விட்ட நோய்க்கு அணை போட்டது. தமிழ்நாட்டுக்கு அந்த ஊசியைத் தயாரிக்கும் அரசு நிலையம் 1932இல் தொடங்கப்பட்டது, ராணிப்பேட்டையில். நோயின் பெயரும் ஊரின் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், நோய் ராணிப்பேட்டையில்தான் பிறந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே தயாராவது நோயைத் தடுக்கும் மருந்து என்பதை அந்த ஊருக்காக நான் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்.

எங்கள் கோழிகள் செத்த மறு வருஷம் அந்த ஊசி எங்கள் ஊருக்கு வந்தது. கால்நடை ஆய்வாளர் ஒருவர் சைக்கிளில், பனிக்கட்டி போட்ட பிளாஸ்க்கோடு வந்து பஞ்சாயத்துக் கட்டடத்துத் திண்ணையில் உட்கார்ந்தார். ஊசி போட்டால் கோழி முட்டை விடாது என்று ஒரு பேச்சு பரவியிருந்ததால் யாரும் போகவில்லை. அப்பத்தா பஞ்சாரத்தோடு முதல் ஆளாகப் போய் நின்றாள். பிழைத்த மூன்று கோழியும், அதிலொன்று பொரித்த குஞ்சுகளும். குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு, பெரிய கோழிக்குச் சிறகடியில் ஊசி. மருந்து வெயிலில் இருந்தால் செத்துப்போகும், கரைத்ததைச் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும் என்று அவர் சொன்னதைக் கேட்டவள், பிளாஸ்க்கை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். சில நாள் முட்டை குறைந்தது உண்மைதான். பிறகு சரியாகிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வாசல் ஒருமுறைகூட மொத்தமாகக் காலியானதில்லை.

அதனால் அம்மியை அவள் கைவிட்டாளா என்றால் இல்லை. சீரகமும் கீழாநெல்லியும் அரைத்து வாரம் ஒருமுறை தவிட்டில் பிசைந்து போட்டுக்கொண்டேதான் இருந்தாள். சீக்கு வந்தபின் கொடுத்த அதே சாமானை வருமுன் கொடுக்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். பல வருஷம் கழித்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மரபு மூலிகை வைத்தியத்துக்கென்று கொடுத்த குறிப்புகளைப் படித்தபோது, அதில் சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, வெங்காயம், கீழாநெல்லி என்று வரிசையாக இருந்தது. பத்துக் கோழிக்கு இத்தனை கிராம் என்று அளவு போட்டிருந்தார்கள். அப்பத்தாவின் அளவு கைப்பிடி. அந்தத் தாளை அவளுக்குப் படித்துக் காட்ட அப்போது அவள் இல்லை.

இப்போது மதுரைக்கு வெளியே என் வீட்டுப் பின்புறம் பதினாறு கோழிகள். சாம்பல் குழி உண்டு. ஒன்றையொன்று கொத்திய புண்ணுக்கு நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள், அந்தக் கோழியை ஆறும்வரை தனிக்கூடையில் அடைப்பது, அக்கினி நட்சத்திரத்தில் மோரும் நறுக்கிய சின்ன வெங்காயமும். முட்டை வெளிவராமல் தவிக்கிற கோழிக்கு வெந்நீர்த் துணி ஒத்தடமும் விளக்கெண்ணெயும் நான் செய்வேன், அரை நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அடை கலைக்க மூக்கில் இறகு குத்துகிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அது வதை. கம்பி அடித்தளமுள்ள கூண்டில் காற்றோட்டமாக நாலு நாள் வைத்தால் போதும், அடை தெளிந்துவிடும். தண்ணீர்ச் சட்டியைத் தினமும் சாம்பல் போட்டுத் தேய்ப்பதை அப்பத்தா மருந்துக் கணக்கில்தான் சேர்த்திருந்தாள். நானும் அப்படியே.

ஊசிக் கணக்கைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். குஞ்சுக்கு ஏழாம் நாள் ஒரு சொட்டு, இருபத்தெட்டாம் நாள் மறுபடி, எட்டாவது வாரம் சிறகடி ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து. நோய்ப்பட்ட கோழிக்கு ஊசி போடக்கூடாது. ஊசி போட்டவர் எழுதிக் கொடுத்த அடுத்த தேதியைத் தவற விடக்கூடாது. புதிதாக வந்த கோழி யார் கொடுத்ததானாலும் மூன்று வாரம் வேறு மூலையில், வேறு தண்ணீர்ச் சட்டியோடு. 1986இல் அந்த மூன்று வாரம் எங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கோழி வளர்ப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. திடீரென்று பல கோழிகள் சேர்ந்து சாகும்போது அம்மியை எடுக்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள், விற்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பிப்ரவரியில் ஊர்தோறும் கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. காசு வாங்குவதில்லை. இரண்டே இரண்டு கோழி வைத்திருந்தாலும் வெயில் ஏறுமுன் கூடையில் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.